மடை இருந்தால் போதுமா?



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரே மாடலைச் சேர்ந்த, ஒரே நாளில் கொடுக்கப்பட்ட இரண்டு மடிக்கணினிகள் இருக்கின்றன. ஒன்றின் பாட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. மற்றொன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. இரண்டு பாட்டரிகளும் நல்லவையே. அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது?

இது புத்தகக் கணக்கு அல்ல. நான் கண்ணால் கண்டது. திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டையில் என் அக்காள் வீடு இருக்கிறது. ஊரின் பூச்சந்தையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாலை அங்கே போயிருந்தேன். அந்த ஆண்டை உங்கள் அண்ணன்மாரும் அக்காள்மாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் நின்றுபோன காலம் அது. அன்றும் விளக்கு இல்லை. அக்காள் அரிக்கேன் வெளிச்சத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அரசு கொடுத்த மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தாள்.

“மாமா, பாட்டரி கெட்டுப்போச்சு போல. புதுசு வாங்கணும்னு கடையில சொல்றாங்க” என்றாள்.

நான் கணினியின் அடியில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. திரையில் நாலு வரிக் கட்டுரை ஒன்றுதான் திறந்திருந்தது. ஆனாலும் உள்ளேயிருந்த சிறு மின்விசிறி இரைந்துகொண்டே இருந்தது. அதே தெருவில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். அவளிடமும் அதே மாடல். அதைத் தொட்டுப் பார்த்தோம், வெதுவெதுப்புக்கூட இல்லை. இரண்டு பாட்டரிகளையும் கழற்றி மாற்றிப் பொருத்தினோம். ‘கெட்டுப்போன’ பாட்டரி தோழியின் கணினியில் நன்றாகவே உழைத்தது. தோழியின் நல்ல பாட்டரியோ எங்கள் கணினியில் ஒரு மணி நேரத்தில் படுத்துவிட்டது!

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ஏதோ ஒரு விளையாட்டு ஓடவில்லை என்று கணினியைக் கடை ஒன்றில் கொடுத்திருக்கிறாள். அங்கே அதில் இருந்த இயங்குதளங்களை அழித்துவிட்டு, பல ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்பு ஒன்றைப் போட்டுத் தந்துவிட்டார்கள். அந்தப் பதிப்பு வெளிவந்த காலத்தில் இந்தக் கணினியின் பிராசசர் பிறக்கவே இல்லை. மறுவாரம் பழையபடி உரிய இயங்குதளங்களைப் போட்டதும் மின்விசிறியின் இரைச்சல் அடங்கியது. பாட்டரியும் தோழியின் பாட்டரியைப் போலவே உழைக்கத் தொடங்கியது. புதுப் பாட்டரிக்காக அக்காள் எடுத்து வைத்திருந்த பணம் மிச்சமாயிற்று.

நண்பர்களே, மடிக்கணினி என்றதும் நாம் எத்தனை ஜிகாஹெர்ட்ஸ், எத்தனை ஜிபி என்றுதான் கேட்கிறோம். ‘இந்தப் பிராசசரின் மின்சிக்கன வசதிகளை இதில் இருக்கும் இயங்குதளம் அறியுமா?’ என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்கப் பழக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மடையும் நீர்பாய்ச்சியும்

நிலக்கோட்டை வட்டத்தில் வைகையின் குறுக்கே பேரணை இருக்கிறது. பெரியாறு பிரதானக் கால்வாய் அங்கிருந்துதான் புறப்படுகிறது. அணையில் மதகுகள் உண்டு. கால்வாயில் மடைகள் உண்டு. ஆனால் மடை தானாகத் திறந்து மூடிக்கொள்ளுமா? எந்த வயலுக்கு இன்று நீர் வேண்டும், எதற்கு நாளை வரை பொறுக்கலாம் என்று தெரிந்த ஆள் வேண்டும். நம் கிராமங்களில் அவரை நீர்பாய்ச்சி என்றும் நீர்க்கட்டி என்றும் அழைப்பார்கள். நீர்பாய்ச்சி இல்லாத ஊரில் மடையை முழுக்கத் திறந்தே போட்டுவிட வேண்டியதுதான். தண்ணீர் வீணாகும், கடை மடைக்குப் போய்ச் சேராது.

கணினியிலும் இதே கதைதான். பிராசசர் என்னும் சிலிக்கான் சில்லில் மடைகளை அமைத்துக் கொடுப்பவர் பொறியியலாளர். வேகத்தைக் குறைக்க ஒரு மடை, மின்னழுத்தத்தைக் குறைக்க ஒரு மடை, உறங்க வைக்க ஒரு மடை. அவற்றை நேரமறிந்து திறந்து மூடும் நீர்பாய்ச்சிதான் இயங்குதளம். எந்த நிரல் ஓடுகிறது, எது காத்திருக்கிறது, அடுத்த வேலை எப்போது வரும் என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும்.

வோல்ட்டின் வர்க்கம்

வேகத்தைக் குறைத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம்? பிராசசரில் உள்ள ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் அணைந்து எரியும்போது மிகச் சிறிய மின்தேக்கி ஒன்று நிரம்பி வடிவதாகக் கொள்ளுங்கள். ஒருமுறை நிரப்பி வடிக்கச் செலவாகும் ஆற்றல், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு எத்தனை முறை நிரம்பி வடிகிறது என்பது கடிகாரத் துடிப்பைப் பொறுத்தது. ஆகவே திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் துடிப்பையும் பெருக்கி வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

உண்மையான எண்களைப் போட்டுப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிக்கான பென்டியம் III பிராசசரில் ஸ்பீடுஸ்டெப் என்னும் வசதியை வெளியிட்டது. மின்சார இணைப்பு இருக்கும்போது அது 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.6 வோல்ட்டில் ஓடும். பாட்டரியில் ஓடும்போது 500 மெகாஹெர்ட்ஸுக்கும் 1.35 வோல்ட்டுக்கும் இறங்கிவிடும். வேகம் 77 விழுக்காடாகக் குறைந்தது. திறன் எவ்வளவு குறைந்தது? 1.35-ஐ 1.6-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.71. அதை 0.77-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.55. அதாவது கால்பங்குக்கும் குறைவான வேகத்தை விட்டுக்கொடுத்து, ஏறக்குறையப் பாதித் திறனை மிச்சம் பிடிக்கிறோம்!

“வேகம் குறைந்தால் வேலை முடிய அதிக நேரம் ஆகுமே?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதே வேலைக்கு 1.3 மடங்கு நேரம் ஆகும். 0.55-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 0.71 வருகிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால்கூடப் பிராசசருக்கு நூற்றுக்கு 29 பங்கு ஆற்றல் மிச்சம். இலாபம் முழுவதும் வோல்ட்டின் வர்க்கத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? வோல்ட்டைக் குறைக்காமல் துடிப்பை மட்டும் குறைத்தால் இந்த மிச்சம் கிட்டாது.

யார் கையில் சாவி?

ஆதியில் இந்தச் சாவி இயங்குதளத்திடம் இல்லை. 1992-ல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வகுத்த ஏபிஎம் என்னும் முறையில், கணினியின் பலகையிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற சிறு நிரல்தான் பெரும்பாலும் முடிவுகளை எடுத்தது. நீங்கள் விசைகளைத் தட்டாமல் படித்துக்கொண்டிருக்கிறீர்களா, எழுந்து சாப்பிடப் போய்விட்டீர்களா என்பது பயாஸுக்குத் தெரியாது. அது ஊகித்தது, அடிக்கடி தவறாக ஊகித்தது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் ஏசிபிஐ என்னும் புதிய முறையை வெளியிட்டன. சாவி இயங்குதளத்தின் கைக்கு மாறியது. பலகையைச் செய்தவர், ‘என்னிடம் இன்னின்ன மடைகள் இருக்கின்றன, இப்படி இப்படித் திறக்கலாம்’ என்று ஓர் அட்டவணை எழுதி வைக்க வேண்டும். இயங்குதளம் அதைப் படித்து நடக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டவணையில் பிழை இருந்தாலும், படிப்பவருக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டாலும் மடை திறந்தது திறந்தபடியே கிடக்கும். என் அக்காள் மகளின் கணினியில் நடந்தது அதுதான். நீர்பாய்ச்சி வேற்றூர்க்காரர்; கால்வாயின் போக்கே அவருக்குத் தெரியவில்லை.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு இந்தப் பாடம் படிப்படியாகவே வந்தது. அது யார் வேண்டுமானாலும் நிரலைப் பிரித்துப் படிக்கவும் திருத்தவும் கூடியது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில், பிராசசரின் வேகத்தை மாற்றும் பகுதி இடம்பெற்றிருந்தது. 2004-ல் வந்த 2.6.9 பதிப்பில் ‘ஆன்டிமாண்ட்’ என்னும் புதிய ஆளுநர் சேர்ந்தார். ஆளுநர் என்றால் மாளிகையில் இருப்பவர் அல்லர். வேகத்தை ஆள்கிற சிறு நிரல். வேலை மிகுந்தால் உடனே உச்ச வேகத்துக்கு ஏற்றும். வேலை குறைந்தால் இறக்கிவிடும். அதை எழுதியவர்களில் முதன்மையானவர் இன்டெலில் பணியாற்றிய வெங்கடேஷ் பல்லிபாடி. இன்றும் லினக்ஸில் இந்தப் பகுதியைப் பராமரிப்பவர்களில் விரேஷ் குமார் என்ற இந்தியர் ஒருவர் இருக்கிறார். உலகெங்கும் ஓடும் கோடிக்கணக்கான கருவிகளின் மின்சிக்கனத்தில் நம்மவர் கையும் இருக்கிறது.

சும்மா இருக்கும் கலை

‘சும்மா இருப்பது எளிதன்று’ என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. பிராசசருக்கும் அது பொருந்தும்.

நீங்கள் நொடிக்கு ஐந்து எழுத்து தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல வேகம்தான். இரண்டு தட்டல்களுக்கு இடையே ஐந்தில் ஒரு நொடி. இரண்டு ஜிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அந்த இடைவெளியில் 40 கோடித் துடிப்புகள்! ஓர் எழுத்தைத் திரையில் காட்ட அதில் சிறு பங்கே போதும். மிச்ச நேரம் முழுவதும் அது உறங்கலாம். உறக்கத்திலும் படிகள் உண்டு. கோழித்தூக்கத்தில் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும்; கணத்தில் விழித்துவிடலாம். ஆழ்ந்த உறக்கத்தில் உள்நினைவகத்தை ஒழித்துவிட்டு மின்னழுத்தத்தையே வெட்டிவிடலாம்; மிச்சம் மிக அதிகம். ஆனால் விழித்தெழக் கூடுதல் நேரமும் கூடுதல் ஆற்றலும் ஆகும். ஆகவே அடுத்த வேலை எவ்வளவு நேரத்தில் வரும் என்று இயங்குதளம் முன்கூட்டியே கணித்து, ஏற்ற உறக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. லினக்ஸின் 2.6 பதிப்பு தொடங்கியபோது, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொடிக்கு ஆயிரம் முறை பிராசசரைத் தட்டி எழுப்பி, ‘மணி என்ன?’ என்று கேட்கும் வழக்கம் அதற்கு இருந்தது. இப்படி எழுப்பினால் யார்தான் தூங்க முடியும்? 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பில், வேலையில்லா நேரத்தில் இந்தத் தட்டலை நிறுத்த வழி செய்தார்கள். அடுத்த மாதமே இன்டெலைச் சேர்ந்தவர்கள் பவர்டாப் என்னும் கருவி நிரலை வெளியிட்டார்கள். பிராசசரை எந்த நிரல் எத்தனை முறை எழுப்புகிறது என்று அது பட்டியல் போட்டுக் காட்டியது. ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருப்பதாக நாம் நினைத்த பல நிரல்கள், நொடிக்குப் பல தடவை எழுந்து உலவிக்கொண்டிருந்தது தெரியவந்தது. நிரலாளர்கள் திருத்திக்கொண்டார்கள். அளக்கத் தொடங்கியதும் குறை கண்ணுக்குப் பட்டது, பட்டதும் தீர்ந்தது.

புதியதெல்லாம் நல்லதா?

‘அப்படியானால் எப்போதும் புதுப் பதிப்பைப் போட்டுக்கொண்டால் போதும்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2011 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.38 பதிப்பைப் போட்ட பலருடைய மடிக்கணினிகளில் மின்செலவு கூடிப்போயிற்று. பிராசசரையும் மற்றப் பாகங்களையும் இணைக்கும் தடங்களை ஓய்வெடுக்க வைக்கும் வசதி அவற்றில் நின்றுபோனதே காரணம். பயாஸ் எழுதி வைத்த குறிப்பை அந்தப் பதிப்பு ஒரு விதமாகப் பொருள் கொண்டது. கணினி செய்தவர்கள் நினைத்திருந்தது வேறு விதம். அவ்வாண்டு ஜூனில் ஃபொரானிக்ஸ் இதழினர் பதிப்புக்குப் பதிப்பு அளந்து பார்த்துக் காரணத்தைக் கண்டார்கள். மாத்யூ காரெட் என்னும் நிரலாளர் திருத்தம் எழுதினார். 2012-ல் வந்த 3.3 பதிப்பில் அது சேர்ந்தது.

பழையதும் கெடுக்கும், புதியதும் கெடுக்கும் என்றால் எதை நம்புவது? அளவீட்டை நம்ப வேண்டும். அறிவியல் நமக்குக் கற்றுத் தந்த வழி அதுதான்.

என் கருத்து

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வாங்கத் திட்டமிட்டார்கள். அவற்றில் விண்டோஸுடன், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. உலகில் வேறு எத்தனை இடத்துப் பள்ளிப்பிள்ளைகளுக்கு ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் வாய்த்திருக்கும்? ஒப்பிட்டு அளந்து பார்க்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் உண்டா? ஆனால் அந்த வாய்ப்பை நாம் பயன்படுத்திக்கொண்டோமா? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திறந்தே பாராதவர்கள் எத்தனை பேர்!

என் கருத்தில் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, அரசோ பள்ளியோ மடிக்கணினி வாங்கும்போது பாட்டரியின் அளவை எழுதுவதோடு நிற்கக் கூடாது. அதில் நிறுவித் தரும் ஒவ்வொரு இயங்குதளத்திலும் பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று அளந்து, அந்த அளவைக் கணினியோடு சேர்த்துத் தர வேண்டும். இரண்டாவது, கணினிப் பாடத்தில் இயங்குதளம் என்றால் கோப்புகளையும் சன்னல்களையும் காட்டுவது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். மின்சாரத்தைப் பங்கிடுவதும் அதன் வேலை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது, உங்களுக்கு. கணினியைக் கடையில் கொடுத்து இயங்குதளத்தை மாற்றும் முன், புதிதாகப் போடுவது அந்தப் பிராசசரை அறியுமா என்று கேளுங்கள்.

“பிராசசர் ஒன்றுதானா மின்சாரம் தின்கிறது? திரை தின்னவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கணினி சும்மா இருக்கும்போது திரை பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க உங்களுக்குத் தெரியும், கண் காட்டிக்கொடுத்துவிடும். பிராசசரின் வீண்செலவோ கண்ணுக்குத் தெரியாது. சூடாகவும் இரைச்சலாகவும் மட்டுமே வெளிப்படும். அந்தச் சூடு லித்தியம் பாட்டரியின் ஆயுளையும் குறைக்கும். “பத்து வாட்தானே?” என்பவர்களுக்கு ஒரு பெருக்கல் கணக்கு. பத்து இலட்சம் கணினிகள் ஒரே நேரத்தில் பத்துப் பத்து வாட் வீணாக்கினால் மொத்தம் பத்து மெகாவாட்! நாட்டுக் கணக்கு கிடக்கட்டும். 48 வாட்-மணி பாட்டரி, 24 வாட் செலவில் இரண்டு மணி நேரம் தாங்கும். 12 வாட் செலவில் நான்கு மணி நேரம் தாங்கும். விளக்கில்லாத மாலையில், தேர்வுக்கு முந்திய இரவில், அந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பை அனுபவித்தவர்களைக் கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். பாட்டரியை முழுதாக நிரப்பி இணைப்பைக் கழற்றுங்கள். வைஃபையை அணைத்து, திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, ஒரே ஒரு பாடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நூறிலிருந்து ஐம்பது விழுக்காட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்சிக்கன அமைப்பை மட்டும் மாற்றி மறுபடி அளவிடுங்கள். இரண்டு இயங்குதளம் இருந்தால் இரண்டிலும் அளவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசரின் அப்போதைய வேகம் தெரியும். லினக்ஸில் பவர்டாப் அதைச் சொல்லும். ஒன்றும் செய்யாதபோதும் வேகம் உச்சத்திலேயே நிற்கிறதா? அப்படியானால் எங்கோ ஒரு மடை திறந்து கிடக்கிறது என்று பொருள். எது என்று தேடுங்கள்; உங்கள் கணினி ஆசிரியரையும் துணைக்கு அழையுங்கள்.

நிலக்கோட்டையில் அன்று இரண்டு பிள்ளைகள் செய்ததும் இவ்வளவுதான். பாட்டரியைக் குறை சொன்ன கடைக்காரரின் சொல்லை அவர்கள் அப்படியே நம்பவில்லை. பாட்டரிகளை மாற்றிப் பொருத்தி, கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் எழுதினார்கள். விடை கிடைத்தது. உங்கள் வீட்டு மடிக்கணினி அடுத்த முறை காரணமில்லாமல் சுடும்போது பாட்டரியைத் திட்டாதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.